நாற்பது நாள் குடியிருக்கும் அறை: எங்கள் போட்டின் உள்வேலை, மூன்று சீசனுக்குப் பிறகு

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விவரத்துக்குப் போகலாம். 72 அடி இரும்பு மீன்பிடிப் போட். 12 ஆள் தங்கும் கேபின், வீல்ஹவுஸ் (போட்டை ஓட்டுகிற அறை), அடுக்களை, ஒரு கக்கூஸ், இவ்வளவுக்கும் உள்வேலை முடிக்க 47 நாளும் 7,40,000 ரூபாயும் ஆனது. மூன்று சீசன் கடலில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. இந்த வேலையைச் செய்த ஆசாரியைத் திரும்பக் கூப்பிடுவேனா என்றால் கண்டிப்பாகக் கூப்பிடுவேன். ஆனால் இரண்டு விஷயத்தில் அவர் சொன்னதை இனிமேல் கேட்க மாட்டேன், அதையும் எழுதுகிறேன்.

ஆசாரியின் பெயரும் நம்பரும் இங்கே போடவில்லை. அவரும் மூன்று ஆட்களும் மட்டும்தான், ஒரு மீன்பிடித் தடைக்காலத்துக்கு இரண்டு போட்டுக்கு மேல் எடுக்க மாட்டார். அதனால் இதை அவருக்கான விளம்பரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊர் ஆசாரியிடம் என்ன கேட்க வேண்டும், எங்கே நின்று சண்டை போட வேண்டும், எதில் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று தெரிந்துகொள்ள எழுதுகிறேன். புது போட் கட்டும்போது எல்லோரும் என்ன எஞ்சின், எத்தனை டன் ஐஸ் அறை, என்ன வலை என்று மாதக்கணக்கில் பேசுகிறோம். ஆட்கள் படுக்கிற அறை என்று வந்தால் "நாலு பிளைவுட் அடிச்சு விடு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நானும் அப்படி முடித்தவன்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் முதல் நீரோடி வரை எங்கள் பக்கத்துப் போட்டுகள் சூரைக்கும் சுறாவுக்கும் போகிறவை. ஒரு தங்கல், அதாவது ஒரு தடவை கடலுக்குப் போய் வருவது, என்றால் முப்பது நாள், சில சமயம் நாற்பது நாள். லட்சத்தீவைத் தாண்டியும் போவார்கள். கரையில் இருக்கிற வீட்டைவிட அந்தக் கேபினில்தான் எங்கள் ஆட்கள் வருடத்தில் அதிக நாள் படுக்கிறார்கள். என்னுடைய பழைய மரப் போட்டில் கேபின் என்று ஒன்று இருந்தது, ஆனால் அதில் யாரும் படுத்ததில்லை. டீசல் நாற்றம், கரப்பான், மூட்டைப்பூச்சி, மழை பெய்தால் தலைமாட்டில் ஒழுக்கு. எல்லோரும் மேலே டெக்கில் தார்ப்பாய்க்குக் கீழே படுத்தார்கள். கேபினில் கயிறும் தூண்டில் பெட்டியும் கிடந்தன. இரவில் ஆள் தவறி விழுகிற விபத்துகளில் எத்தனை இப்படி டெக்கில் படுத்ததால் நடந்தது என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. எங்கள் தெருவிலேயே அப்படிப் போன ஒரு பையன் உண்டு.

அதனால் உள்வேலை நல்லதா கெட்டதா என்று பார்க்க நான் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: ஆட்கள் தாங்களாகவே உள்ளே போய்ப் படுக்கிறார்களா, ஆபத்து என்றால் சட்டென்று வெளியே வர முடிகிறதா. பளபளப்பு, டிசைன், மைக்காவின் நிறம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வேலை நடந்தது கேரளத்தில் முனம்பத்தில், போட் கரையேற்றிக் கிடந்த யார்டில். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை எங்கள் மேற்குக் கடற்கரைக்கு 61 நாள் தடைக்காலம், அதற்குள் முடிக்க வேண்டும் என்பது பேச்சு. முதலில் வேறொரு கோஷ்டியிடம் விலை கேட்டிருந்தேன். அவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கையில் டேப்பைக்கூட எடுக்காமல், நாலரை லட்சம் என்றார்கள். இந்த ஆசாரி வந்து இரண்டு நாள் அளந்தார். இரும்பு விலாக்களுக்கு (வெளித்தகட்டைத் தாங்கும் சட்டங்களுக்கு) இடையில் ஒவ்வொரு இடைவெளியையும் தனித்தனியாக அளந்து அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தார். எந்த இரும்பு போட்டிலும் இரண்டு விலாக்களுக்கு நடுவிலான தூரம் கச்சிதமாக ஒன்றாக இருக்காது, வெல்டிங் சூட்டில் தகடு இழுத்துக்கொண்டு போயிருக்கும். வீட்டுக் கப்போர்டு மாதிரி நேர்கோட்டில் வெட்டிக் கொண்டுவந்தால் எல்லா மூலையிலும் இடைவெளி விழும், அந்த இடைவெளிதான் கரப்பானுக்கு வீடு. அவர் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் பதினோரு வருடம் அக்கமடேஷன் வேலை (ஆட்கள் தங்கும் அறைகளின் உள்வேலை) பார்த்துவிட்டு இரணியல் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பியவர். அந்தப் பழக்கம் ஒவ்வொரு வேலையிலும் தெரிந்தது.

அவர் வந்த முதல் வாரமே எனக்கு ஒரு அடி விழுந்தது. நான் ஏற்கெனவே ஒரு கடையில் மரைன் பிளை என்று 40 ஷீட் வாங்கி இறக்கி வைத்திருந்தேன். ஷீட்டின் மேல் முத்திரை இருந்தது, பில்லிலும் மரைன் என்றே இருந்தது. ஆசாரி ஒரு ஷீட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சாண் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, யார்டுக்காரர் வீட்டிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் வாங்கி, காலையில் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் துண்டு வாழைப்பட்டை மாதிரி இதழ் இதழாகப் பிரிந்து மிதந்துகொண்டிருந்தது.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியத் தர எண்ணில் ஐஎஸ் 710 என்பதுதான் மரைன் பிளை. ஐஎஸ் 303 என்பது வீட்டு வேலைக்கான சாதாரண பிளை, அதில் பிடபிள்யூஆர் என்று ஒரு ரகம் உண்டு, அதுவும் கொதிநீர் தாங்கும் என்றுதான் விற்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொதிக்க வைக்கிற நேரத்தில் இருக்கிறது. பிடபிள்யூஆருக்கு 8 மணி நேரச் சோதனை, 710-க்கு 72 மணி நேரம். பசையும் ஃபீனால் பசையாக இருக்க வேண்டும், மரத்துக்குப் பூச்சி மருந்து ஏற்றியிருக்க வேண்டும். நான் வாங்கியது அரை நாள்கூடத் தாங்கவில்லை என்றால் அது மரைனும் இல்லை, பிடபிள்யூஆரும் இல்லை. கடைக்காரரிடம் பிரிந்த துண்டைக் கொண்டுபோய் வைத்தோம், பாதிப் பணம்தான் திரும்ப வந்தது. அப்புறம் ஆசாரி சொன்ன இடத்தில் வாங்கியதில் ஒரு துண்டை வெட்டி மூன்று நாள், பகலெல்லாம் கொதிக்க வைத்தோம். நிறம் மங்கியதே தவிர பிரியவில்லை. ஒரு ஷீட்டுக்கு இவ்வளவு பாடா என்று அப்போது எரிச்சல் வந்தது. இப்போது மூன்று மழைக்காலம் தாண்டியும் சுவர்ப் பலகை ஒன்றுகூட ஊதவில்லை, அதனால் அந்த எரிச்சலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நிறையப் பேர் இப்போது பிளைக்குப் பதிலாக பிவிசி போர்டு போடச் சொல்கிறார்கள். தண்ணீரில் ஊறாது, கரையான் பிடிக்காது என்பது உண்மைதான். நானும் கேட்டேன். ஆசாரி மறுத்தார். எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் சூட்டில் அது இளகி வளையும், ஸ்க்ரூ பிடிப்பு நிற்காது, எஞ்சின் அதிர்விலேயே ஸ்க்ரூ ஓட்டை பெரிதாகிவிடும் என்றார். அதைவிட முக்கியமாக அவர் சொன்னது, அது எரிந்தால் வருகிற புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், மூச்சுக்குழாயில் பட்டதும் அமிலமாகிவிடும் என்பது. கக்கூஸ் சுவருக்கு மட்டும் பிவிசி போட்டார், அங்கே யாரும் தூங்கப் போவதில்லை என்று காரணம் சொன்னார்.

தீ பற்றித்தான் இவரிடம் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் சாயங்காலம் கேபின் சுவருக்கு நல்ல மர டிசைன் மைக்கா ஒட்டித் தரச் சொன்னேன், பார்க்க வீடு மாதிரி இருக்கும் என்று. அவர் உடனே "வேண்டாம் அண்ணே" என்றார். சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தீயணைப்பு வகுப்பில் சொல்லிக்கொடுத்ததாம்: 1990 ஏப்ரல் 7-ஆம் தேதி ஸ்காண்டிநேவியன் ஸ்டார் என்ற பயணிகள் கப்பல் நார்வேயின் ஆஸ்லோவிலிருந்து டென்மார்க்குக்குப் போகும்போது ராத்திரி தீப்பிடித்தது. 159 பேர் செத்தார்கள். தாழ்வாரச் சுவர்களில் ஒட்டியிருந்த மெலமின் லாமினேட், நாம் மைக்கா என்கிறோமே அந்த வகைதான், அது எரிந்து கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜன் சயனைடையும் கக்கியது. நிறையப் பேர் நெருப்பைப் பார்ப்பதற்கு முன்பே புகையில் விழுந்துவிட்டார்கள். சுவர்ப் பலகை தீப்பிடிக்காத சாமான், அதன் மேல் அழகுக்கு ஒட்டிய ஒன்றரை மில்லிமீட்டர் தகடுதான் ஆளைக் கொன்றது. அதைக் கேட்ட பிறகு மைக்கா பேச்சை நான் எடுக்கவில்லை. பிளையின் மேல் தீத்தடுப்புப் பெயின்ட் இரண்டு கோட், வெளிர் பச்சை. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். இருக்கட்டும்.

சுவர் கட்டிய முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் மலிவு வேலைக்கும் நல்ல வேலைக்கும் வித்தியாசம் இருக்கிறது, வேலை முடிந்த பிறகு வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரியே தெரியும். இரும்புத் தகடு வேர்க்கும். வெளியே கடல் தண்ணீர் குளிர்ச்சி, உள்ளே பன்னிரண்டு பேரின் மூச்சும் அடுப்பு ஆவியும். ராத்திரியில் தகட்டின் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து வழியும். பிளையை நேராகத் தகட்டின் மேல் அடித்தால் அந்த ஈரம் நடுவில் மாட்டிக்கொண்டு, பிளையும் அழுகும், தகடும் துருவேறும், ஐந்து வருடம் கழித்துப் பலகையைக் கழற்றும்போதுதான் தகடு அரித்துப்போனது தெரியும். இவர் முதலில் தகட்டைச் சுரண்டி எபாக்ஸி பிரைமர் அடிக்க வைத்தார், காயும்வரை நான்கு நாள் உள்ளே யாரையும் விடவில்லை. அப்புறம் விலாக்களுக்கு நடுவில் 50 மில்லிமீட்டர் ராக் வூல் (கல்லிலிருந்து செய்கிற, தீப்பிடிக்காத பஞ்சு), உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டியது. அதன் மேல் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்), ரீப்பரின் மேல் 9 மில்லிமீட்டர் பிளை. பிளை தரையைத் தொடாமல் மூன்று அங்குலம் மேலேயே நிற்கும், கூரைப் பக்கமும் ஒரு அங்குலம் விட்டிருக்கிறார். பலகைக்குப் பின்னால் காற்று கீழிருந்து மேலே போக வழி. வழிகிற தண்ணீர் நேராக பில்ஜுக்கு (போட்டின் அடிக்குழிக்கு) இறங்கிவிடும், பம்ப் அடித்து வெளியேற்றிவிடலாம்.

இன்னொன்று, ஒரு பலகையைக்கூட ஆணி அடித்து நிறுத்தவில்லை, பசை போட்டு ஒட்டவும் இல்லை. எல்லாம் ஸ்க்ரூ, அதுவும் 316 ஸ்டெயின்லெஸ். 304-க்கும் 316-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, 316-இல் மாலிப்டினம் இரண்டு மூன்று சதவீதம் சேர்ந்திருக்கும், உப்புக் காற்றை அதுதான் தாங்கும். ஒவ்வொரு பலகைக்கும் பின்னால் மார்க்கரில் நம்பர் எழுதி, அதே நம்பரைத் தகட்டிலும் எழுதியிருக்கிறார். இதன் அருமை போன வருடம்தான் தெரிந்தது. இடது பக்கத்தில் ஒரு தகடு மாற்ற வேண்டியிருந்தது. வெளியே வெல்டிங் வைத்தால் உள்ளே பலகை பற்றிக்கொள்ளும், மீன் அறைச் சுவரில் இருக்கிற ஃபோம் பற்றினால் இன்னும் மோசம். யார்டுகளில் போட் எரிகிற கதை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. நாங்கள் நம்பர் பார்த்து ஆறு பலகையைக் கழற்றி, ராக் வூலை எடுத்து ஓரமாக வைத்து, உள்ளே ஒரு ஆளைத் தண்ணீர் வாளியோடு உட்காரவைத்து வெல்டிங் முடித்தோம். மறுநாள் அதே ஸ்க்ரூவில் திரும்ப மாட்டியாகிவிட்டது. பக்கத்தில் நின்ற போட்டில் இதே வேலைக்குப் பலகையைக் கடப்பாரையால் பெயர்த்து எடுத்தார்கள்.

கேபினுக்கும் எஞ்சின் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டுக்கு மட்டும் ராக் வூல் இரண்டு அடுக்கு. பெரிய கப்பல்களில் ஏ-60 என்று ஒரு தரம் வைத்திருக்கிறார்கள்: ஒரு பக்கம் தீ எரிந்தாலும் 60 நிமிடத்துக்கு மறுபக்கத்தில் சராசரிச் சூடு முதலில் இருந்ததைவிட 140 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது. எங்கள் அளவு போட்டுக்கு அந்தச் சட்டம் கிடையாது, இவர் செய்ததை அந்தத் தரம் என்று சர்டிபிகேட் வாங்கவும் முடியாது. ஆனால் வழி அதுதான். கேபிளும் பைப்பும் அந்தத் தகட்டைத் துளைத்துப் போகிற ஒவ்வொரு ஓட்டையையும் தீ தாங்கும் சீலன்ட் வைத்து அடைத்தார். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் பழைய போட்டில் டீசல் நாற்றம் வந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தமும் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கிறது, போட்டை ஓட்டுகிற ஸ்ராங்கு இப்போது கேபினில் இருக்கிற ஆளைக் கூப்பிடத் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை.

அடுத்தது, கேபினிலிருந்து வெளியேற இரண்டாவது வழி. இதற்காக எனக்கும் அவருக்கும் பேச்சே தேவைப்படவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது எங்கள் ஊர்கள் எவ்வளவு பேரை இழந்தன என்று நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. அதில் தப்பி வந்த என் சித்தப்பா மகன் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வான்: போட் சாய்ந்தபோது கேபின் கதவு திறக்கவில்லை, மரம் ஊறி ஊதி சட்டத்தில் இறுகிக்கிடந்தது, ஜன்னலை உடைத்துத்தான் வந்தோம். ஜன்னல் இல்லாத பக்கம் படுத்திருந்தவர்களைப் பற்றி அவன் பேச மாட்டான். அதனால் கேபினுக்குப் பின்பக்கக் கதவு தவிர முன்பக்கத்தில் கூரையில் இரண்டடிக்கு இரண்டடி ஹேட்ச் (மூடியுள்ள திறப்பு) ஒன்று வேண்டும், அது நேராக வெளி டெக்குக்குப் போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவரும் அதையே தாளில் வரைந்து வைத்திருந்தார். 2019 செப்டம்பர் 2-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவிங் போட் எரிந்து 34 பேர் போனார்கள், எல்லோரும் கீழே பங்க் அறையில், அதாவது அடுக்குப் படுக்கை அறையில், படுத்திருந்தவர்கள். அந்த அறைக்கு இரண்டு வழி இருந்தது, ஏணி ஒன்று, அவசர ஹேட்ச் ஒன்று. ஆனால் இரண்டுமே மேலே ஒரே ஹாலுக்குள்தான் போய்ச் சேர்ந்தன, அந்த ஹால்தான் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு வழி இருந்தால் மட்டும் போதாது, அவை வெவ்வேறு இடத்துக்குப் போக வேண்டும். எங்கள் ஹேட்சுக்கு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கிற கைப்பிடி, பூட்டு கிடையாது, ஓரத்தில் இருட்டில் ஒளிரும் டேப். பின்கதவை மரத்தில் செய்யாமல் அலுமினியத்தில் செய்தார், வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி. ஒவ்வொரு தங்கலுக்கும் கிளம்பும் அன்று ஒரு தடவை ஹேட்சைத் திறந்து மூடிப் பார்ப்பது எங்கள் போட்டில் பழக்கமாகிவிட்டது.

எங்கள் கேபினில் பங்க் படுக்கைகள் பன்னிரண்டு, இரண்டு அடுக்கு. ஒவ்வொன்றும் 190 சென்டிமீட்டர் நீளம், 68 அகலம். சரக்குக் கப்பல் மாலுமிகளுக்கு 2006-இல் வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் பங்க் உள்ளளவு 198-க்கு 80 என்று வைத்திருக்கிறது, அறையின் உயரம் 203 சென்டிமீட்டர். மீன்பிடிப் போட்டுகளுக்கு அது பொருந்தாது. அவ்வளவு இடம் நமக்குக் கிடையாது என்றாலும் அந்த அளவைத் தாளில் எழுதி ஒட்டி வைத்துக்கொண்டுதான் ஆசாரி வரைந்தார், எங்கே எவ்வளவு குறைகிறோம் என்று தெரிய வேண்டும் என்று. எல்லாப் பங்கும் போட்டின் நீளவாக்கில். குறுக்கே படுத்தால் உருட்டல் கடலில் தலை மேலும் கீழும் போய் வந்துகொண்டே இருக்கும், தூக்கம் வராது. ஓரத்தில் எட்டு அங்குலத் தடுப்புப் பலகை, ஆள் உருண்டு விழாமல் இருக்க. அடிப்பலகையை முழு ஷீட்டாகப் போடாமல் இரண்டு அங்குல இடைவெளி விட்டுச் சட்டங்களாகப் போட்டிருக்கிறார், மெத்தைக்குக் கீழே காற்று போகும். பழைய போட்டில் மெத்தையைத் தூக்கினால் அடியில் கறுப்பாகப் பூஞ்சை இருக்கும், இங்கே மூன்று வருடத்தில் இல்லை. ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு சின்ன லைட், ஒரு ஃபேன், ஒரு சார்ஜர் பாயின்ட், ஃபோன் வைக்க ஒரு பெட்டி. இந்தப் பெட்டிக்காக ஆட்கள் எனக்குச் சொன்ன நன்றியை வேறு எதற்கும் சொல்லவில்லை. நாற்பது நாளும் சிக்னல் கிடையாது, ஆனால் பிள்ளைகளின் வீடியோ அந்த ஃபோனில்தானே இருக்கிறது.

வயரிங் வேறொரு ஆள் செய்தார், ஆசாரி கூட நின்றார். வெள்ளீயப்பூச்சு பூசிய பல இழைச் செம்பு வயர், 24 வோல்ட், ஒவ்வொரு லைனுக்கும் தனி பிரேக்கர். வீட்டு வயர் போடாதீர்கள். ஒற்றைக் கம்பி அதிர்விலேயே உள்ளுக்குள் முறியும், முறிந்த இடத்தில் பொறி தட்டும். இதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது.

அடுக்களையில் ஒரு முடிவு மட்டும் முக்கியம்: கேஸ் சிலிண்டர் உள்ளே கிடையாது. எல்பிஜி காற்றைவிடக் கனம், ஒன்றரை மடங்குக்கும் மேல். கசிந்தால் மேலே போகாது, படிக்கட்டில் இறங்குகிற தண்ணீர் மாதிரி இறங்கி பில்ஜில் போய்த் தேங்கும், அங்கே பம்ப் மோட்டாரின் ஒரு பொறி போதும். மேல் டெக்கில் ஒரு இரும்புப் பெட்டி வெல்டிங் செய்து, அடியில் ஓட்டை போட்டு, கசிந்த வாயு நேராகக் கடலுக்கு வெளியேறுகிற மாதிரி வைத்தார். சமைக்கிற பையனுக்கு முதலில் கோபம், ஒவ்வொரு தடவையும் மேலே ஏறி வால்வு திறக்க வேண்டுமே என்று. இரண்டு வாரத்தில் பழகிவிட்டான். அடுப்பைச் சுற்றி முழங்கை உயரத்துக்குக் கம்பி வளையம், பாத்திரம் சரியாது. அடுப்புக்குப் பின்னால் ஸ்டெயின்லெஸ் ஷீட். அவ்வளவுதான், மற்றதெல்லாம் எந்த அடுக்களையும் போலத்தான்.

கக்கூஸ் வைத்ததற்கு ஊரில் சிலர் இடம் வீண் என்றார்கள். ராத்திரி, உருட்டல் கடலில், ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மூன்றடிக்கு மூன்றடி, உள்ளே பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கைப்பிடி. போட்டில் காசு போட்டு நான் வருந்தாத இடம் என்றால் இதுதான்.

சரி, குறைகள். ஒப்புக்கொண்டதைவிட ஒன்பது நாள் தாமதம். அதில் நாலு நாள் மழை, பாக்கி அவர் இன்னொரு போட்டுக்கு ஆளைப் பிரித்து அனுப்பியதால். தடைக்காலம் முடிகிற கடைசி வாரத்தில் ஒவ்வொரு நாளும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நேரில் சொன்னேன், தப்புதான் என்று ஒத்துக்கொண்டு கூலியில் 12,000 குறைத்தார்.

அப்புறம் முதலில் சொன்ன இரண்டு விஷயம். ஒன்று, வீல்ஹவுஸிலும் பங்குக்குக் கீழேயும் டிராயர் வைத்தார், வீட்டில் போடுகிற டெலிஸ்கோப் சேனல் போட்டு. ஐந்தாவது மாதமே சேனலின் குண்டுகள் துருவேறிப் பாதி டிராயர் திறக்கவில்லை, திறந்தவை அலையில் தானாக வெளியே ஓடி வந்தன. ஒரு ஆளுக்கு முழங்காலில் அடி. நான் அப்போதே தூக்கிப் போடுகிற மூடி வைத்த பெட்டி போதும் என்றேன், அவர்தான் டிராயர் வசதி என்றார். இப்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மூடிப் பெட்டியாக மாற்றிவிட்டோம். சிங்கப்பூரில் ஏசி போட்ட அறைக்கு அது சரியாக இருந்திருக்கலாம், ஈர உடுப்போடு ஆள் ஏறி இறங்குகிற கேபினுக்குச் சரிவராது.

இரண்டு, தரை. பிளையின் மேல் வினைல் ஷீட் ஒட்டினார், கழுவ எளிது என்று. ஒட்டிய மூட்டுகளில் ஒரே மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கி, ஷீட்டுக்கும் பிளைக்கும் நடுவில் தங்கி, கதவுப் பக்கம் ஒரு முழ அளவுக்குப் பிளை மெத்து மெத்தென்று ஆகிவிட்டது. சுவரில் காற்றுக்கு இவ்வளவு வழி விட்டவர் தரையில் ஏன் மூடினார் என்று கேட்டேன், கூச்சத்தோடு சிரித்தார். இரண்டாவது தடைக்காலத்தில் தரையை மட்டும் மாற்றினோம். பிளையின் மேல் ஃபைபர் கிளாஸ் இரண்டு அடுக்கு, அதன் மேல் மணல் தூவிய பெயின்ட், வழுக்காது. மேலே சும்மா விரித்து எடுக்கிற ரப்பர் பாய். அதற்கு 46,000 ரூபாய், சாமான் என் கணக்கு, கூலி அவர் வாங்கவில்லை.

உயரம் குறைந்ததையும் சொல்ல வேண்டும். கூரையில் ராக் வூலும் பலகையும் சேர்ந்து நாலு அங்குலத்தைத் தின்றுவிட்டன. நடுவில் ஆறடி ஒரு அங்குலம்தான் மிச்சம். எங்கள் ஸ்ராங்கு ஆறடி இரண்டு, முதல் தங்கலில் நெற்றியில் இரண்டு தையல். இது ஆசாரி தப்பு இல்லை, போட் கட்டும்போதே நான் கேபின் உயரத்தை நாலு அங்குலம் கூட்டச் சொல்லியிருக்க வேண்டும். இரும்பு வேலை நடக்கும்போதே உள்வேலை ஆசாரியைக் கூட்டிவந்து பேசவையுங்கள். நான் போட்டின் இரும்பு வேலை முழுவதும் முடிந்த பிறகுதான் அவரைத் தேடினேன், ஹேட்சுக்குத் திரும்ப கேஸ் கட்டிங் வைத்து ஓட்டை போட வேண்டியதாகிவிட்டது.

காசு விவரம் கேட்பவர்களுக்கு: 7,40,000-இல் பிளை மட்டும் ஏறக்குறைய 2,10,000. அந்தப் போலி ஷீட்டில் போன பணம் இதில் சேரவில்லை. கூலி 2,35,000. ராக் வூல், ரீப்பர், பெயின்ட், பிரைமர் எல்லாம் சேர்ந்து 1,20,000. கதவும் ஹேட்சும் 68,000. மெத்தை, ஃபேன், ஸ்க்ரூ, கைப்பிடி, கக்கூஸ் சாமான் எல்லாம் பாக்கி. வயரிங் இதில் இல்லை, அது தனிக் கணக்கு. மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் டிராயரையும் வினைலையும் விட்டுவிடுங்கள், வீல்ஹவுஸுக்கு அவர் போட்ட சாய்கிற நாற்காலியும் தேவையில்லை. ராக் வூலிலும் ஹேட்சிலும் கை வைக்காதீர்கள்.

மாதா சுரூபத்துக்கு ஒரு மாடம் கேட்டிருந்தேன், பணம் வாங்காமல் பலாக்கட்டையில் செய்து கொடுத்தார். அலையில் விழாமல் இருக்க அடியில் ஒரு பள்ளம் தோண்டி, சுரூபம் அதில் கச்சிதமாக உட்கார்கிற மாதிரி. கேபினில் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறது. பங்குத்தந்தை போட் மந்திரிக்க வந்தபோது அதைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார்.

போன வாரம் போட் கரைக்கு வந்தபோது ராத்திரி பதினோரு மணிக்கு ஐஸ் கணக்குப் பார்க்கப் போனேன். வெக்கை, காற்றே இல்லை, துறைமுகத்தில் நின்ற மற்றப் போட்டுகளில் ஆட்கள் டெக்கில் கிடந்தார்கள். எங்கள் டெக்கில் காவல் ஆள் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான், "எல்லாரும் உள்ள படுத்துட்டாங்க அண்ணே" என்றான். அடுத்த தடைக்காலத்துக்கு ஆசாரியிடம் நாள் வாங்கிவிட்டேன். கூரைப் பலகையைக் கழற்றி, ஸ்ராங்கு நிற்கிற இடத்தில் மட்டும் ராக் வூலை மெலிதாக்கி இரண்டு அங்குலமாவது மீட்க முடியுமா என்று பார்க்கப் போகிறோம்.